எந்த நாளை எழுதினாய்?

காலை பத்தரை மணிக்கு, ஒரு பேண்டின் நீளத்தைக் குறைத்து அடி மடித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு போன் வந்தது. மெஷின் ஓடும்போது அவள் போனை எடுப்பதில்லை. ஆனால் அழைத்தது ஃபாரம் அக்கா. ஃபாரம் அக்கா அழைத்து எடுக்காமல் விடும் துணிச்சல் அந்த வட்டாரத்தில் எந்த அம்மாவுக்கும் கிடையாது.

ஃபாரம் அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் உள்ளவர்களின் பெற்றோர் சங்கத்தில் அவருக்குப் பதவி என்று ஒன்றும் இல்லை. தலைவர், செயலாளர் எல்லாம் வேறு ஆட்கள். வருவார்கள், பேசுவார்கள், போட்டோவுக்கு நின்றுவிட்டுப் போவார்கள். ஆனால் சேவை மையத்திலிருந்து ஒரு படிவம் வந்துவிட்டால் அத்தனை அம்மாக்களும் ஓடுவது இவரிடம்தான். எந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும், எந்தக் கட்டத்தைத் தொடவே கூடாது, எங்கே ‘சில சமயம்’ என்று எழுதினால் நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதாகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், இவள் மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, அவர்தான் இவளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். “இன்னைக்கு எப்படி இருக்கான்னு எழுதாதே. இருக்கிறதுலேயே மோசமான நாள் எதுவோ, அதை எழுது. நல்ல நாளை எழுதினேன்னு வை, ‘பரவாயில்லையே, பொண்ணு நல்லாத்தானே இருக்கா’ன்னு உதவிக்கு வர்ற ஆளை நிறுத்திடுவாங்க.” அன்றிலிருந்து இவள் வருடா வருடம் மோசமான நாளை எழுதிக்கொண்டு வருகிறாள். கை பழகிவிட்டது.

“இன்னைக்குத்தானே ரெண்டு மணிக்கு உன் பொண்ணுக்கு நேர்காணல்?” என்றார் அக்கா.

“ஆமாக்கா. ஒண்ணு பத்துக்கு வீட்டுக்குப் போய் கூட்டிட்டுப் போகணும். காலையில ஆறு மணிக்கே டிரஸ் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கா.”

“நல்லபடியா நடக்கட்டும். ஆமா, ஃபாரத்துல எந்த நாளை எழுதின?”

“எந்த நாளைன்னா? எப்பவும் எழுதுறதுதான். நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரி.”

இவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

“அடிப்பாவி,” என்றார் அக்கா. “இது மணி நேரம் கேட்கிற ஃபாரம் இல்லடி. வீட்டுக்குப் போடுற ஃபாரம்! இதுல நல்ல நாளையில்ல எழுதணும்!”

இவள் மெஷினிலிருந்து காலை எடுத்தாள். அதற்குள் தையல் கோணிக்கொண்டு எங்கேயோ போயிருந்தது.

இரண்டும் ஒரே படிவம்தான். அதே பதினான்கு கேள்விகள், அதே ‘அடிக்கடி, சில சமயம், இல்லை’ கட்டங்கள். மேலே தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி மட்டும் வேறு. முதல் படிவம், வீட்டுக்கு வாரம் எத்தனை மணி நேரம் ஆள் அனுப்புவது என்று முடிவு செய்வதற்கு. அதில் எவ்வளவு அழுகிறோமோ அவ்வளவு மணி நேரம். இப்போது வாரம் பதினாறு மணி நேரம் ஒரு பெண் வந்துபோகிறாள். இரண்டாவது படிவம், மையம் நடத்தும் கூட்டு வீட்டில் ஓர் அறை கேட்பதற்கு. நான்கு பேர், ஆளுக்கு ஓர் அறை, பொதுச் சமையலறை, கூடவே முறை மாற்றி இருக்கும் உதவியாளர்கள். அங்கே இருக்க முடியும் என்று காட்டினால்தான் இடம். அதில் போய் இவள், தன் மகளால் எதுவுமே முடியாது என்று பதினான்கு கேள்விக்கும் பதில் எழுதி, போட்டோ ஒட்டி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

சரி, இந்தத் தடவை போனால் அடுத்த தடவை என்று இருக்க முடியுமா? அந்த வீட்டில் இதற்கு முன் அறை காலியானது ஆறு வருடத்துக்கு முன்னால். அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதுவும் மகள் கேட்ட அறை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலை அவளுக்கு. கூட வேலை செய்யும் இரண்டு பேர் அந்தக் கூட்டு வீட்டில்தான் இருக்கிறார்கள். மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது தடவை அம்மாவின் தையல் டேப்பைக் கொண்டுபோய்ச் சுவர், ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அளந்து வந்து, கட்டம் போட்ட தாளில் கட்டில் எங்கே, மேசை எங்கே என்று வரைந்தாள். வரைந்து முடித்ததும், “எனக்கு அந்த ரூம் வேணும்,” என்றாள். இருபத்தாறு வயதில் அவள் அம்மாவிடம் வேண்டும் என்று கேட்டதெல்லாம் தாள், பென்சில், தையல் உறுத்தாத சாக்ஸ். ஒரு வாழ்க்கையைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைத்தான் இந்த மகராசி தன் கையாலேயே கெடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

“மாஸ்டர், நான் போகணும்,” என்று எழுந்தாள்.

தையல்கடை மாஸ்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “ஒரு மணிக்குத்தானே லீவு கேட்ட? அந்த பேண்டை நாலு மணிக்குக் கொடுக்கணும்மா. ஒரு கால்தான் முடிஞ்சிருக்கு.”

“அந்த ஆளு ஒரு கால் நெட்டை ஒரு கால் குட்டையா போட்டுட்டுப் போகட்டும் மாஸ்டர். என் பொழப்பே இப்ப அப்படித்தான் இருக்கு,” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டாள்.

பஸ் வர இருபது நிமிடம் ஆனது. அவசரம் என்று தெரிந்தால் அதுவும்தான் ஆடி அசைந்து வரும். ஏறி உட்கார்ந்தும் அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து கம்பியைப் பிடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். எழுதிய பதில்கள் ஒவ்வொன்றாக வந்து முகத்தில் அறைந்தன. சாலையைத் தனியாகக் கடக்க முடியாது. அடுப்புப் பக்கம் விட முடியாது. எதிர்பாராத சத்தம் கேட்டால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள், அடிக்கடி. முன்பின் தெரியாதவர் தொட்டால் தள்ளிவிடுவாள், அடிக்கடி. இரவில் தனியாக இருக்கவே முடியாது. அடடா, என்ன அழகான கையெழுத்து வேறு!

கணவருக்குப் போன் அடித்தாள். அவர் தொலைதூர லாரி ஓட்டுபவர். மாதத்தில் நான்கைந்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். எங்கேயோ சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். பின்னால் பெட்டிகள் விழும் சத்தம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “சரி விடு, ஒண்ணும் பண்ண முடியாதுன்னா விடு. இன்னும் கொஞ்ச நாள் நம்மகூடவே இருக்கட்டுமே,” என்றார்.

“நம்மகூடவா? நீங்க எங்கே இருக்கீங்க? லாரிகூட இருக்கீங்க!” என்று இவள் கத்தியதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. “அவ கேட்டா. வாயைத் திறந்து கேட்டா. அவகிட்ட யாரு போய்ச் சொல்றது? நீங்க சொல்வீங்களா?”

“ஜட்ஜம்மாகிட்ட நான் மாட்டேன்பா,” என்று முனகினார். மகளுக்கு அவர் வைத்த பெயர் ஜட்ஜம்மா. எதைச் சொன்னாலும் எப்போது, எத்தனை தடவை, யார் பார்த்தது என்று கேட்பாள்.

மையத்துக்கு வந்து சேரும்போது மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம். பழைய மூன்று மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் வரவேற்பு மேசை, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், நடக்கும்போது சத்தம் வராமலிருக்கத் தரை முழுக்க ரப்பர் விரிப்பு. மேசைக்குப் பின்னால் ஒரு பெண், தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

“நான் கொடுத்த ஃபாரம் ஒண்ணு வேணும்மா. தப்பா எழுதிட்டேன். மாத்தி எழுதித் தர்றேன்.”

“ரெண்டு மணி நேர்காணலா? அது நேத்தே கமிட்டில மூணு பேருக்கும் போயிடுச்சும்மா. படிச்சிருப்பாங்க.”

“ஒரு தடவை கேட்டுப் பாரேன் கண்ணு.”

“திருப்பி வாங்க முடியாதும்மா. வேணும்னா கூடுதல் விவரம்னு ஒரு தாள் எழுதிக் கொடுங்க, ஃபைல்ல வெச்சிடறேன்,” என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள்.

போன உயிர் பாதி திரும்பி வந்தது. தாளை வாங்கிக்கொண்டு மூலையில் போய் உட்காருவதற்குள் ஃபாரம் அக்கா மறுபடி அழைத்தார். “எதையாவது உளறி வெக்காதே. போன வருஷம் வரைக்கும் முடியாது முடியாதுன்னு எழுதிட்டு இப்ப எல்லாம் முடியும்னு எழுதினா, அப்ப முன்னாடி எழுதினது பொய்யான்னு கேப்பாங்க. இடமும் கிடைக்காம, இருக்கிற பதினாறு மணி நேரமும் போயிடும். பார்த்து எழுது.”

“எப்படிக்கா பார்த்து எழுதறது?”

“அது எனக்கும் தெரியலடி. இந்த வீட்டுக்கு இதுவரைக்கும் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்ல,” என்றார் அக்கா. அவர் குரல் அப்படி இறங்கி இவள் கேட்டதே இல்லை.

எழுத உட்கார்ந்தாள். ‘என் மகளின் நல்ல நாள்’ என்று முதல் வரி எழுதி அடிக்கோடும் போட்டாள். அதற்குப் பிறகு பேனா நின்றுவிட்டது.

மோசமான நாள் என்றால் தேதியோடு சொல்வாள். கடையில் தீ எச்சரிக்கை மணி அடித்த நாள், குளியலறைக்குள் நான்கு மணி நேரம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட நாள், தெருவில் காணாமல் போன நாள், எல்லாம் விரல் நுனியில் இருந்தன. நல்ல நாள்? எது நல்ல நாள்? ஒன்றும் நடக்காத நாள்தானே நல்ல நாள்! ஒன்றும் நடக்காததை எப்படி எழுதுவது? பத்தொன்பது வருடத்தில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், ‘உங்க பொண்ணுக்கு நல்லா போன நாள் ஒண்ணு சொல்லுங்க’ என்று இவளிடம் கேட்டதில்லை. கேட்காததால் இவளும் சேர்த்து வைக்கவில்லை. ‘காலையில் தானே எழுந்துகொள்வாள்’ என்று எழுதினாள். அது ஒரு பெரிய விஷயமா என்று அடித்தாள். ‘விரிப்புகளை நன்றாக மடிப்பாள்’ என்று எழுதி அதையும் அடித்தாள். ‘பாசமானவள்’ என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளையைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத வரவில்லையே! எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். வந்தாள். இன்னொரு தாள் வாங்கினாள். அதையும் கெடுத்தாள். மூன்றாவது தாள் கேட்கப் போனபோதுதான் அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே இருந்த கடிகாரம் கண்ணில் பட்டது.

ஒன்று இருபத்திரண்டு.

ஒன்று பத்துக்கு வீட்டில் இருந்திருக்க வேண்டும்! மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும்! கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவளுக்கு. மகளின் போனுக்கு அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. சொன்ன நேரம் தவறினால் அவள் என்ன ஆவாள் என்று நினைக்கக்கூட முடியவில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் கண் முன்னால் வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்கு அடித்தாள். அங்கிருந்த அம்மாள் போய்ப் பார்த்துவிட்டு, “கதவு பூட்டியிருக்கே,” என்று நிதானமாகச் சொன்னார். நிதானம் வேண்டிக்கிடக்கிறது!

வாசலுக்கு ஓடினாள். பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறலாமா, இங்கேயே நிற்கலாமா? ஏறினால், அவள் இங்கே வந்துவிட்டால்? நின்றால், அவள் எங்கேயாவது நடுரோட்டில் நின்றால்? ஒரு பஸ்ஸை விட்டாள். இன்னொன்றில் ஒரு காலை வைத்துவிட்டு இறங்கினாள். டிரைவர் ஏதோ திட்டினார். மறுபடி மையத்து வாசலுக்கு வந்தாள். அங்கிருந்த காவலாளி, “உட்காருங்கம்மா, எனக்கே மயக்கம் வருது,” என்றார்.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு ஒரு பஸ் வந்து நின்றது. காதில் பெரிய ஹெட்ஃபோன், மார்போடு அணைத்த ஒரு நீலக் கோப்பு, ஆறு மணிக்குப் போட்ட இஸ்திரி கலையாத சட்டையோடு மகள் இறங்கினாள். இறங்கிய இடத்திலேயே நின்று, வலமும் இடமும் பார்த்து, மறுபடி வலம் பார்த்து, சாலையைக் கடந்து வந்தாள்.

“நீ வீட்டுக்கு வரல,” என்றாள் அம்மாவைப் பார்க்காமல். “ஒண்ணு பத்துக்கு வர்றேன்னு சொன்னே. வரல. ஒரு நிமிஷம் பார்த்தேன். ஒண்ணு பதினொண்ணுக்குப் பூட்டிட்டுக் கிளம்பினேன்.”

“போனை ஏண்டி எடுக்கல? அம்மா செத்துப் பொழைச்சேன்டி!”

“பஸ்ல போன் பேசக் கூடாதுன்னு ஒட்டியிருக்கு.”

“ரெண்டு பஸ் மாறணுமே, எப்படி வந்தே?”

“வியாழக்கிழமை வியாழக்கிழமை வர்றோமே. நானும் அக்காவும். பதினோரு மாசமா.”

அக்கா என்றால் வீட்டுக்கு வரும் உதவியாளர். வியாழக்கிழமை வெளியே போகிறார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். அந்த நேரத்தில் இவள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தூக்கம் போடுவாள். எங்கே போகிறார்கள், யார் யாருக்கு வழிகாட்டுகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ‘சாலையைத் தனியாகக் கடக்க முடியாது’ என்று எழுதிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

“குட்டி, உள்ளே போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அம்மா ஒரு தப்புப் பண்ணிட்டேன். ஃபாரத்துல உன்னைப் பத்தி மோசமா எழுதிட்டேன்.”

மகள் யோசித்தாள். “பொய்யா?”

“பொய் இல்ல. எல்லாம் நடந்ததுதான். ஆனா...”

“நடந்ததுன்னா சரி,” என்று சொல்லிவிட்டு மகள் உள்ளே நடந்தாள்.

முதல் மாடியில் ஓர் அறை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் ஒருங்கிணைப்பாளர், நரை கலந்த குட்டை முடி, மெதுவான குரல். இடப்பக்கம் கூட்டு வீட்டின் பொறுப்பாளர், இடுப்பில் சாவிக் கொத்து தொங்கும் வாட்டசாட்டமான பெண். வலப்பக்கம் ஒரு மருத்துவர். அவர் கடைசிவரை பேசவே இல்லை, எழுதிக்கொண்டே இருந்தார். அந்தப் பேனா ஓடும் ஒவ்வொரு தடவையும் இவள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

“நீங்க உட்காருங்க,” என்றார் ஒருங்கிணைப்பாளர் மகளிடம். நீங்க என்றார். மகளை யாராவது நீங்க என்றால் அம்மாவுக்கு எப்போதும் ஒரு கணம் யாரைச் சொல்கிறார்கள் என்று குழப்பம் வரும். “உங்க அம்மா எழுதினதை நான் ஒவ்வொண்ணா படிக்கிறேன். சரியா இருக்கான்னு நீங்க சொல்லணும். நடுவுல நிறுத்தணும்னா நிறுத்தலாம்.”

“மேடம், நான் முதல்ல ஒண்ணு...” என்று இவள் ஆரம்பித்தாள்.

“உங்களுக்கும் நேரம் இருக்கும்மா. முதல்ல அவங்க.”

படிக்கப் படிக்க மகள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வந்தாள். சாலை? “இல்ல. இன்னைக்குக் கடந்தேன்.” அடுப்பு? “பால் பொங்கி அணைஞ்சு காஸ் வாசனை வந்துச்சு. ஒரு தடவை. நாலு வருஷத்துக்கு முன்னாடி. அப்ப அடுப்பைப் பத்த வெச்சது நான் இல்ல, அப்பா.” மருத்துவரின் பேனா ஓடியது. பொறுப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவிக் கொத்தைப் பிடித்துக்கொண்டார். அந்நியர் தொட்டால் தள்ளுவது? “ஆமா. தள்ளுவேன். கேட்காம தொட்டா தள்ளுவேன். கேட்டா வேண்டாம்னு சொல்லுவேன்.”

ஐந்தாவது கேள்வியைப் படிக்கும்போது ஒருங்கிணைப்பாளர் குரல் தாழ்ந்தது. “எதிர்பாராத சத்தம் கேட்டா தலையைச் சுவர்ல மோதிப்பா. அடிக்கடி.”

மகளின் விரல்கள் கோப்பின் ஓரத்தைத் தட்ட ஆரம்பித்தன. தட்டல் வேகமானது. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. “ரெண்டு நிமிஷம்,” என்று எழுந்து வெளியே போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “நான் போகணும். அவளால தனியா...”

“இருங்கம்மா,” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

“உங்களுக்குத் தெரியாதுங்க!”

“ரெண்டு நிமிஷம்னு அவங்க சொல்லிட்டுப் போனாங்க இல்ல. இருங்க.”

அந்த இரண்டு நிமிடத்தை நான் எப்படிச் சொல்ல! கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரில் தலை மோதும் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டாள். எல்லாம் போயிற்று, அறை போயிற்று, எல்லாம் என்னால்தான் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அடியில், வெட்கங்கெட்ட ஒரு மூலையில், போனால் போகட்டும், வீட்டுக்கே கூட்டிப் போய்விடலாம் என்று ஒரு நிம்மதியும் எட்டிப்பார்த்தது. அதைக் கண்டதும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கதவு திறந்தது. மகள் வந்து உட்கார்ந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

“மோதிக்கிட்டது மூணு தடவை,” என்றாள். “ரெண்டு தடவை ஸ்கூல் படிக்கும்போது. ஒரு தடவை கடையில மணி அடிச்சப்போ. அடிக்கடி இல்ல.”

பொறுப்பாளர் முன்னால் குனிந்தார். “எங்க வீட்டுலயும் தீ மணி இருக்கும்மா. மாசம் ஒரு தடவை அடிச்சுப் பார்ப்போம். அப்ப என்ன செய்வீங்க?”

“தேதி முன்னாடியே சொல்லணும். சொன்னா ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு வெளியே நிப்பேன். சொல்லலைன்னா கத்துவேன்.”

“நிஜமாவே தீப்பிடிச்சா தேதி சொல்ல முடியாதே?”

“அப்ப கத்திக்கிட்டே வெளியே ஓடுவேன்.”

“அதைத்தான்மா நானும் செய்வேன்,” என்றார் பொறுப்பாளர்.

கடைசியாக இரவு. “ராத்திரியில தனியா இருக்கவே முடியாது. அம்மா கிட்ட இருந்தாகணும்,” என்று படித்துவிட்டு ஒருங்கிணைப்பாளர் நிமிர்ந்தார்.

“அது நான் இல்ல,” என்றாள் மகள். “அது அம்மா.”

“புரியலையே.”

“நான் பத்து மணிக்குப் படுப்பேன். தூங்கிடுவேன். அம்மா வந்து கதவைத் திறப்பாங்க. திறந்தா முழிப்பு வந்துடும். மூணு தடவை, சில நாள் நாலு தடவை. நான் முழிச்சிருக்கிறதைப் பார்த்தா, ஏன் தூங்கல, என்ன ஆச்சு, எங்கே வலிக்குதுன்னு அழுவாங்க. அதனால கண்ணை மூடிக்குவேன். தூங்குற மாதிரி. அவங்க போனதும் திறப்பேன்.”

மருத்துவரின் பேனா நின்றுவிட்டது.

“எத்தனை நாளா?” என்று அம்மா கேட்டாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

“பத்தாம் வகுப்புல இருந்து. பத்து வருஷம்.” மகள் கோப்பைப் பார்த்தபடி சொன்னாள். “அது பொய்தான். எனக்குத் தெரியும். எனக்குப் பிடிக்கல. ஆனா அப்பதான் நீ போய்ப் படுக்கறே.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு பேச்சுக்குக்கூடப் பொய் சொல்லாத பிள்ளை, தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அம்மா போகட்டும் என்று காத்திருந்திருக்கிறது. இவளோ கதவிடுக்கில் நின்று, அப்பாடா, நான் பார்த்துக்கொள்வதால்தான் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

“மேடம், நான் எழுதினது...” என்று ஆரம்பித்தாள். “எல்லாம் நடந்ததுதாங்க. ஆனா மோசமான நாளை எழுதணும்னு... எப்பவும் அப்படித்தான் எழுதிப் பழக்கம்... தயவுசெஞ்சு அந்தப் பதினாறு மணி நேரத்துல கையை வெச்சிடாதீங்க. அந்தப் பொண்ணு வரலைன்னா இவ இன்னைக்குத் தனியா பஸ் ஏறியிருக்க மாட்டா.”

ஒருங்கிணைப்பாளர் படிவத்தை மூடினார். “இந்த மேசைக்கு வர்ற எல்லா அம்மாவும் இப்படித்தாம்மா எழுதுறாங்க. நாங்க அப்படித்தான் எழுத வெச்சிருக்கோம். மோசமா இருந்தாத்தான் உதவின்னா, வேற எதை எழுதுவீங்க? அதனாலதான் இந்த வீட்டுக்கு நாங்க ஃபாரத்தை நம்புறதில்ல, ஆளைக் கூப்பிட்டுக் கேட்கிறோம்.” பக்கத்தில் இருந்த இருவரையும் பார்த்தார். பொறுப்பாளர் தலையசைத்தார். மருத்துவரும் தலையசைத்தார். “அடுத்த மாசம் முதல் தேதி சாமானைக் கொண்டு வரலாம். முதல் மூணு மாசம் பார்ப்போம். பிடிக்கலைன்னா நீங்க சொல்லலாம்,” என்றார் மகளிடம்.

மகள் கோப்பைத் திறந்து, அறையின் படத்தை மேசைமேல் வைத்து, பொறுப்பாளர் பக்கம் நகர்த்தினாள். “கட்டில் இங்கே வரும். கதவு திறந்தா இடிக்காது. அளந்திருக்கேன்.” பிறகு ஒருங்கிணைப்பாளரிடம் திரும்பினாள். “எனக்கு அங்கே ஆள் இருப்பாங்க. அம்மாவுக்கு எத்தனை மணி நேரம்?”

“அம்மாவுக்கா?”

“அப்பா லாரியில இருப்பாரு. நான் இருக்க மாட்டேன். அம்மா ராத்திரி கதவைத் திறந்து பார்க்கிறதுக்கு ஆள் இருக்காது. அப்ப அம்மாவுக்கு யார் வருவாங்க?”

ஒருங்கிணைப்பாளர் மேசைமேல் இருந்த தாள்களைப் புரட்டினார். அப்படி ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை என்பது அவருக்கும் தெரியும், இருந்தும் புரட்டினார். கடைசியில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்து, “சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன வேணும்?” என்று அம்மாவைக் கேட்டார்.

பத்தொன்பது வருடமாக மற்றவருக்காகக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். தனக்கென்று கேட்கத் தெரியவில்லை. ஒன்றும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

“எனக்குப் பயமா இருக்குங்க,” என்று வந்தது. “அவ இல்லாத வீட்டுல நான் இருந்ததே இல்ல. என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலைங்க.” சொல்லிவிட்டு, மூன்று பேருக்கு முன்னால், வெட்கத்தை விட்டு ஓவென்று அழுதாள்.

மகள் அவளைத் தொடவில்லை. நாற்காலியை மட்டும் ஒரு சாண் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“பயமா இருந்தா போன் பண்ணு,” என்றாள். “எட்டு மணிக்கு முன்னாடி பண்ணணும். எட்டுக்கு நான் குளிக்கணும். அழுதா பரவாயில்ல, நான் வெச்சிட மாட்டேன்.”

ஒருங்கிணைப்பாளர் எழுதாமல் இருந்ததைப் பார்த்து, “எழுதிக்கோங்க,” என்றாள்.